வீட்டு மின் பகிர்மானப் பெட்டி: நாடுகள்தோறும் வேறுபடும் அமைப்பு முறைகளும் குத்தம்பாக்கம் போன்ற புறநகர் ஊர்களின் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் வீட்டின் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரியும் இடம் மின் பகிர்மானப் பெட்டி ஆகும். இப்பெட்டியின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டைப் பெட்டியின் வடிவத்தை மட்டும் கொண்டு விளக்க இயலாது. நில இணைப்பை வழங்கும் பொறுப்பு யாருடையது, மின்கசிவைக் கண்டறியும் கருவி எங்கே வைக்கப்படுகிறது, செய்து முடித்த வேலையை யார் சரிபார்க்கிறார்கள் என்னும் மூன்று வினாக்களே அதனைத் தீர்மானிக்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரில் அமைந்த குத்தம்பாக்கத்தை முன்வைத்து, தமிழ்நாட்டு நடைமுறையைப் பிரிட்டன், பிரான்சு, வட அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவற்றின் நடைமுறைகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தமிழர் பேச்சில் 'ட்ரிப்பர்' என்னும் ஒரே சொல் இரு வேறு கருவிகளைக் குறிப்பதால் நேரும் இடரையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மின் பகிர்மானப் பெட்டி, நில இணைப்பு, சுற்று முறிப்பான், மின்கசிவுத் தடுப்பான், குத்தம்பாக்கம், கலைச்சொல்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். இளங்கோவின் முயற்சிகளாலும், வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த இரு குடும்பங்கள் ஒரு சுவரின் இருபுறமும் வாழும் வகையில் கட்டப்பட்ட சமத்துவபுரம் இரட்டை வீடுகளாலும் இவ்வூர் பரவலாக அறியப்பட்டது. அண்மைக் காலத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் புதிய பேருந்து முனையத்திற்கான இடமாகவும் இது பேசப்படுகிறது. வயல்கள் மனைப்பிரிவுகளாகும் இத்தகைய ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறை மின்னமைப்புகளை ஒரே தெருவில் காணலாம். ஒரு வீட்டில் மரப்பலகையின்மேல் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இரும்புக் கைப்பிடி கொண்ட மெயின் சுவிட்சும் இருக்கும். அடுத்த வீட்டில் சுவருக்குள் பதித்த வெள்ளைப் பெட்டிக்குள் சுற்று முறிப்பான்கள் வரிசையாக நிற்கும்.

இரண்டாவது வீடு முதல் வீட்டைவிடப் பாதுகாப்பானது என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பாதி அளவுக்கே சரி. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள, பெட்டிக்குள் நடப்பவற்றைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

பெட்டி செய்யும் இரு வேலைகள்

பகிர்மானப் பெட்டிக்கு இரண்டு கடமைகள் உண்டு. கம்பி அளவுக்கு மீறிச் சூடேறித் தீப்பற்றாமல் காப்பது ஒன்று. மனித உடல் வழியே மின்சாரம் பாயும்போது உயிரைக் காப்பது மற்றொன்று. முதற் கடமையைச் சுற்று முறிப்பான் (எம்.சி.பி.) செய்கிறது. பழைய ஃபியூஸ் செய்ததும் இதே வேலைதான். 1920களில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி, உருகிப் போன கம்பியை மாற்றிக் கட்டும் தொல்லையை நீக்கியது. இரண்டாம் கடமையைச் செய்வது மின்கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.சி.பி.). இது 1950களிலும் 1960களிலும் உருப்பெற்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் மனித உடலில் மின்னோட்டத்தின் விளைவுகளை ஆராய்ந்து, அதன் வழியாக அமெரிக்க வடிவத்தை 1961இல் உருவாக்கினார்.

இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. இரண்டிலும் மேலும் கீழும் அசையும் நெம்பு உண்டு, இரண்டும் 'விழும்'. ஆயினும் அவை உணரும் பொருள் வேறு. 16 ஆம்பியர் சுற்று முறிப்பான், தன் வழியே 16 ஆம்பியரைத் தெளிவாக விஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் மட்டுமே விழும். நம் வீடுகளில் பெரிதும் பயன்படும் 'சி' வகை முறிப்பான் நொடிப்பொழுதில் விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் தேவை. மனிதனைக் கொல்ல அவ்வளவு வேண்டியதில்லை; ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். எனவே சுற்று முறிப்பானைப் பொறுத்தவரை, கம்பியைப் பிடித்துத் துடிக்கும் மனிதன் ஒரு சிறிய மின்விளக்கு மட்டுமே.

மின்கசிவுத் தடுப்பானோ மின்னோட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. ஃபேஸ் கம்பி வழியே போனது அனைத்தும் நியூட்ரல் கம்பி வழியே திரும்பி வந்ததா என்று மட்டும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் கருவியில், அந்த அளவு குறைந்தால் எங்கோ ஓர் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மின்சாரம் மண்ணுக்குப் போகிறது எனக் கொண்டு 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள் துண்டிக்கிறது.

நில இணைப்பு யாருடையது?

நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டின் வேர் இங்கேதான் உள்ளது. பிரிட்டனில் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு நில இணைப்பை மின் வழங்கு நிறுவனமே தருகிறது. தெருக் கேபிளில் நியூட்ரலும் நில இணைப்பும் ஒரே கடத்தியாக வந்து, வீட்டு வாயிலில் இரண்டாகப் பிரிகின்றன. இவ்வமைப்பில் பழுதுச் சுற்றின் மொத்தத் தடை 0.35 ஓம் அளவுக்குள் இருக்கும் என நிறுவனங்கள் பொதுவாக உறுதியளிக்கின்றன. ஃபேஸ் கம்பி குளிர்பதனப் பெட்டியின் உலோக உடலைத் தொட்டுவிட்டதாகக் கொள்வோம். 230 வோல்ட்டை 0.35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 650 ஆம்பியர். 32 ஆம்பியர் 'பி' வகை முறிப்பான் விழ 160 ஆம்பியரே போதுமாதலால், கண்ணிமைக்குமுன் இணைப்பு அறுந்துவிடும்.

தமிழ்நாட்டின் தனி வீட்டில் இதே பழுது நேர்ந்தால் நடப்பது வேறு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே. நில இணைப்பை வீட்டுக்காரரே குழி தோண்டி, குழாய் அல்லது தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு உண்டாக்கிக்கொள்கிறார். கோடையில் அக்குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை நம் மின்பணியாளர்கள் மறவாமல் சொல்வதுண்டு. வீட்டுக்காரர்கள் மறவாமல் செய்வது அரிது. அவ்வாறு அமைந்த குழியின் தடை 20 ஓம் என்றும், மின்மாற்றியின் நில இணைப்புத் தடை 2 ஓம் என்றும் வைத்துக்கொண்டால், பழுது மின்னோட்டம் 230 வகுத்தல் 22, அதாவது சுமார் 10.5 ஆம்பியர். 16 ஆம்பியர் முறிப்பான் இதற்கு அசையாது. குளிர்பதனப் பெட்டியின் உடல் ஏறத்தாழ 209 வோல்ட்டில் நாள் முழுவதும் நிற்கும். மீட்டர் மணிக்கு 2.4 யூனிட் கூடுதலாக ஓடுவதே வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஒரே அறிகுறி. அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை அதுவும் தெரியாது.

இந்நிலையில் உயிர் காக்கக்கூடியது மின்கசிவுத் தடுப்பான் மட்டுமே. தொடுமின்னழுத்தத்தின் பாதுகாப்பு வரம்பாக 50 வோல்ட்டைக் கொண்டால், 30 மில்லி ஆம்பியர் தடுப்பானுக்கு 1,667 ஓம் தடையுள்ள மோசமான குழிகூடப் போதுமானது. வறண்ட கோடை மண்ணையும் மறதியையும் ஒருசேர ஈடுகட்டும் ஆற்றல் அதற்கு உண்டு.

சட்டம் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 33ஆம் விதி, நுகர்வோர் பயன்பாட்டுக்கான நில இணைப்பு முனையை மின் வழங்குநரே அமைத்துப் பேண வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டின் நடுவண் மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் அதையே வலியுறுத்தின. குழி தோண்டும் வழக்கமோ மாறவில்லை. அதே 1956 விதிகளின் 61-ஏ பிரிவு மின்கசிவுத் தடுப்பானைக் கட்டாயமாக்கியபோது 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தது. அவ்வரம்பு பின்னர் 2 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடுகளிலேயே நில இணைப்பு மிக மோசமாக இருக்கும். கருவி மிகுதியும் தேவைப்பட்ட வீடுகளே நெடுங்காலம் விதிக்கு வெளியே நின்றன என்பது இவ்விலக்கின் விளைவு. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி, புதிய இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கட்டாயமாக்கியது. பழைய வீடுகளில் அதனை எவ்வாறு நுழைப்பது என்பதே இப்போதைய சிக்கல்.

ஒரே சிக்கல், வெவ்வேறு விடைகள்

வீட்டுக்காரரே நில இணைப்பை அமைத்துக்கொள்ளும் முறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் பெரும்பாலான வீடுகளும் அவ்வாறே உள்ளன. ஆனால் அங்கு அந்த ஏற்பாட்டின் வலுவின்மையை ஒப்புக்கொண்டு பெட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எல்லாச் சுற்றுகளும் 30 மில்லி ஆம்பியர் தடுப்பான்களுக்குப் பின்னரே அமைய வேண்டும். ஒரு தடுப்பானின்கீழ் எட்டுச் சுற்றுகளுக்கு மேல் வரக்கூடாது. அதனால் சமையலறையில் நேரும் ஒரு கசிவு வீடு முழுவதையும் இருளாக்குவதில்லை. 1972ஆம் ஆண்டின் ஆணைப்படி, புதிய வீட்டுக்கு 'கான்சுயல்' என்னும் அமைப்பின் ஒப்புகையுடன் கூடிய தகுதிச் சான்று இல்லாமல் மின் இணைப்புக் கிடையாது. பாரிசின் லா சப்பேல் பகுதியைச் சூழ்ந்து வாழும் ஈழத்தமிழர் வீடுகளிலும் இப்பெட்டியே உள்ளது. குத்தம்பாக்கத்து வீட்டுக்கும் அவ்வீட்டுக்கும் நில இணைப்பின் இயல்பு ஒன்றே. பெட்டியில் மட்டுமே வேறுபாடு.

சிங்கப்பூர் இதனை வேறு வகையில் எதிர்கொண்டது. 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு மின்கசிவுத் தடுப்பான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வீடுகள் விடுபட்டிருந்தன. 2023 ஜூலையில் அவ்விடைவெளியும் அடைக்கப்பட்டது: எல்லாக் குடியிருப்புகளிலும் கருவி இருந்தாக வேண்டும் என விதித்து, உரிமையாளர்களுக்கு இரண்டாண்டுக் காலக்கெடு அளிக்கப்பட்டது. பழைய வீடுகளைத் தேதி குறிப்பிட்டு விதிக்குள் கொண்டுவந்த இந்நடவடிக்கை தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் முன்மாதிரி ஆகும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளோ இடத்துக்கேற்ப உணர்திறனை மாற்றுகின்றன. வீடு முழுமைக்கும் 100 மில்லி ஆம்பியர் போதும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10. குளியலறை நீர்ச்சூடேற்றிக்கெனத் தனியே 10 மில்லி ஆம்பியர் தடுப்பான் வைப்பது அங்கு இயல்பான காட்சி.

பிரிட்டனின் அக்கறை சற்று வேறு திசையில் சென்றது. பெட்டியே தீப்பிடித்த நிகழ்வுகள் மிகுந்ததால், 2016 ஜனவரி முதல் வீட்டுப் பெட்டிகளின் உறை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என பி.எஸ். 7671 விதித்தொகுப்பு கூறுகிறது; நடைமுறையில் அது எஃகு உறை. இந்தியச் சந்தையில் எஃகுப் பெட்டி முன்பே பரவலாக இருந்தது என்பதைப் பெருமையாகக் கொள்ள வேண்டியதில்லை. தீப்பிடித்தலுக்கு முதற் காரணம் உறையன்று, சரியாக முறுக்கப்படாத திருகு. தளர்ந்த முனையில் தடை கூடி வெப்பம் பெருகும். அலுமினியக் கம்பியைச் செம்பு முனையில் நேரடியாகச் செருகினால் அது இன்னும் விரைவாக நிகழும்.

பிரிட்டன் விட்டுச்சென்றவற்றுள் ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 5, 15 ஆம்பியர் வட்டமுனைச் செருகிகளும், ஒவ்வொரு சுற்றும் பெட்டியிலிருந்து தனியே புறப்படும் முறையும் அந்நாட்டின் பழைய வழக்கங்கள். 1947இல் பி.எஸ். 1363 தரத்தின்வழி அந்நாடு 13 ஆம்பியர் சதுரமுனைச் செருகிக்கும், 30 ஆம்பியர் வளையச் சுற்றுக்கும் மாறியது. சிங்கப்பூரும் மலேசியாவும் அச்செருகியைப் பின்பற்றின. இலங்கையும் பின்னர் அதனையே தேசியத் தரமாக ஏற்றது. இந்தியா பழைய வடிவத்திலேயே தங்கி, அளவை 6, 16 ஆம்பியர் என மாற்றிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் சதுரமுனைக் கருவி நம் வீட்டுச் சுவரில் நுழைய மறுப்பதன் வரலாறு இதுவே.

வட அமெரிக்கப் பெட்டி

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர் முதன்முதலில் காணும் பெட்டி அளவில் மிகப் பெரியது. அங்கு மின்மாற்றியின் நடுப்புள்ளியை நியூட்ரலாகக் கொண்டு 120 வோல்ட்டும், இரு முனைகளுக்கிடையே 240 வோல்ட்டும் பெறப்படுகின்றன. மின்னழுத்தம் பாதியாவதால் அதே திறனுக்கு மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆகவே தலைமை முறிப்பான் 100 அல்லது 200 ஆம்பியர் அளவிலும் சுற்றுகளின் எண்ணிக்கை முப்பது, நாற்பது என்றும் அமைகின்றன. நியூட்ரலும் நில இணைப்பும் தலைமைப் பெட்டியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிணைக்கப்படுகின்றன. துணைப் பெட்டிகளில் அவ்விரண்டும் கலக்கவே கூடாது. இந்தியாவில் நியூட்ரலையும் நில இணைப்பையும் வீட்டுக்குள் எங்கும் பிணைக்கலாகாது. அங்கே கட்டாயமானது இங்கே உயிர்க்கேடு ஆகலாம். காணொளிகளைப் பார்த்துப் பெட்டி மாட்டும் இக்காலத்தில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று.

மின்கசிவுப் பாதுகாப்பு அங்குப் பெரும்பாலும் பெட்டியில் அமைவதில்லை. குளியலறை, சமையலறை, வெளிப்புறம் ஆகிய இடங்களின் செருகுமாடத்திலேயே அமைகிறது. அதன் உணர்திறன் சுமார் 5 மில்லி ஆம்பியர், அதாவது ஐரோப்பிய, இந்திய அளவில் ஆறில் ஒரு பங்கு. வீடு முழுமைக்கும் இவ்வளவு நுண்ணிய கருவியை வைத்தால் இயல்பான சிறு கசிவுகளுக்கே அது விழுந்துகொண்டிருக்கும். ஓரிடத்துக்கு மட்டும் என்பதால் இயலுகிறது.

பெட்டிக்கு முன்னுள்ள வெற்றிடத்தைக்கூட அமெரிக்க விதி அளந்து வைத்திருக்கிறது: 30 அங்குல அகலம், 36 அங்குல ஆழம், ஆறரை அடி உயரம். குளியலறையிலும் துணி அலமாரிக்குள்ளும் பெட்டி கூடாது. நம் வீடுகளில் பெட்டியை மறைக்க நாட்காட்டி மாட்டுவதும், அதன்முன் பீரோவை நிறுத்துவதும் வழக்கம். பழுது நேரும் இரவில் கைக்கு எட்டுமா என்னும் கேள்வி கட்டும்போது எழுவதில்லை.

தமிழ்நாட்டுப் பெட்டியின் தனிச்சிக்கல்கள்

வேறெங்கும் எளிதில் காண இயலாத இரு பொருள்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உண்டு. இரண்டும் மின்வெட்டின் பிள்ளைகள்.

முதலாவது, ஃபேஸ் மாற்றும் சுவிட்ச். மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், அதிலிருந்த விளக்குகளையும் விசிறிகளையும் உயிருள்ள மற்றொரு ஃபேஸுக்குத் திருப்பும் சுழல் குமிழ் இது. ஜெர்மனியிலும் வீடுகளுக்கு மும்முனை மின்சாரமே வருகிறது; ஆயினும் அங்கு இக்குமிழின் தேவை எழுந்ததில்லை. இரண்டாவது, இன்வெர்ட்டருக்கென்று தனியே இழுக்கப்படும் கம்பி. 2008ஐ ஒட்டித் தொடங்கிய நீண்ட மின்வெட்டு ஆண்டுகளில் இது புது வீடுகளின் இயல்பான பகுதியாயிற்று.

இவை மின்கசிவுத் தடுப்பானோடு மோதும் விதம் நுட்பமானது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனித் தடுப்பான் வைத்த வீட்டில், ஒவ்வொன்றுக்கும் உரிய நியூட்ரலும் பிரிந்தே இருக்க வேண்டும். தடுப்பானுக்குப் பின்னால் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைப் பொருத்தினால், குமிழைத் திருப்பியதும் ஒரு விளக்கு இரண்டாம் ஃபேஸிலிருந்து மின்சாரம் பெற்று முதல் ஃபேஸின் நியூட்ரல் வழியே திருப்பி அனுப்பும். இரு தடுப்பான்களும் கணக்கு ஒத்துவராமல் விழும். இன்வெர்ட்டர் கம்பியிலும் இதே நிலைதான்: ஃபேஸ் ஒரு தடுப்பானின் வழி வந்து, நியூட்ரல் மற்றொன்றின் பட்டையில் சேர்ந்தால், கசிவே இல்லாமல் கருவி விழுந்துகொண்டிருக்கும்.

பின் நடப்பது புறநகர் மின்பணியாளர் பலரும் அறிந்ததே. அடிக்கடி விழும் கருவி 'தொந்தரவு' ஆகிறது. அழைக்கப்பட்டவர் நியூட்ரல் கலப்பைத் தேடிப் பிரிக்க ஒரு நாள் ஆகும். கருவியைக் கழற்றி நேர்க்கம்பி கொடுக்கப் பத்து நிமிடம் போதும். வீட்டுக்காரரும் அதையே விரும்புகிறார். பெட்டியின் மூடி பழையபடி பொருத்தப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. கருவியின் தரத்தைக் குறை கூறுவதைவிட, கம்பியிழுக்கும்போதே நியூட்ரல்களைப் பிரித்து வைக்காத பழக்கத்தையே இங்குக் குறை கூற வேண்டும்.

இதற்கான திருத்தம் கடினமானதன்று. ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் தடுப்பானுக்கு முன்னால் வைக்கலாம். அல்லது மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒரே நான்குமுனைத் தடுப்பானைப் பயன்படுத்தலாம். இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்குத் தனித் தடுப்பான் ஒன்று வேண்டும். அது இல்லையெனில் மின்வெட்டு நேரத்தில், அதாவது இருட்டில் கை தடுமாறும் நேரத்தில், வீடு பாதுகாப்பின்றி நிற்கும்.

கருவியின் வகையும் கவனத்துக்குரியது. இங்கு மிகுதியாக விற்பனையாகும் 'ஏசி' வகைத் தடுப்பான், தூய மாறுமின்னோட்டக் கசிவையே நம்பகமாக உணரும். இன்வெர்ட்டர் குளிரூட்டி, புதுவகைத் துணி துவைக்கும் எந்திரம் ஆகியவற்றின் மின்னணுச் சுற்றில் பழுது நேர்ந்தால் துடிப்புள்ள நேர்மின்னோட்டமும் கசியலாம். அதற்கு 'ஏ' வகை வேண்டும். ஜெர்மனி 'ஏசி' வகையை நெடுங்காலமாகவே ஏற்பதில்லை. கூரைச் சூரியத்தகடுகள் பெருகிவரும் நிலையில் இங்கும் இவ்வேறுபாட்டைத் தள்ளிவைக்க இயலாது.

இரட்டை வீடும் பொது நில இணைப்பும்

ஒரு சுவரைப் பகிரும் வீடுகள் குத்தம்பாக்கத்தில் ஒரு சமூக எண்ணத்தின் அடையாளம். மின்பொறியியல் நோக்கிலும் அத்தகைய வீடுகள் ஒரு தனி வினாவை எழுப்புகின்றன. சுவரையோ முற்றத்தையோ பகிரும் வீடுகள், இடமும் செலவும் கருதி ஒரே நில இணைப்புக் குழியையும் பகிர்ந்துகொண்டால் என்ன நேரும்?

இரு வீடுகளிலும் மின்கசிவுத் தடுப்பான் இருந்தால் தீங்கில்லை. ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் நிலை தலைகீழாகிறது. தடுப்பான் இல்லாத வீட்டின் கிரைண்டரில் ஃபேஸ் கம்பி உடலைத் தொடுகிறது. முன்னர்க் கணக்கிட்டபடி, குழியின் தலைப்பு 209 வோல்ட்டுக்கு உயர்கிறது. அக்குழியோடு பிணைந்த அடுத்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவும் அதே 209 வோல்ட்டைப் பெறுகிறது. அக்கதவைத் தொடுபவரின் உடல் வழியே பாயும் மின்னோட்டம் அவர் வீட்டு ஃபேஸ் வழியே வரவில்லை, நில இணைப்புக் கம்பி வழியே வருகிறது. ஆகவே அவர் பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திய தடுப்பான் அதனைக் காணாது; விழவும் விழாது. எவ்வளவு விலை உயர்ந்த கருவியாயினும் இதுவே நிலை.

ஆகவே தொகுப்பு வீடுகளிலும் அரசுக் குடியிருப்புகளிலும் இக்கருவியைத் தனிமனித விருப்பத்துக்கு விட முடியாது. ஒன்று, குழிகள் தனித்தனியாக, போதிய இடைவெளியோடு இருக்க வேண்டும். அல்லது எல்லா வீடுகளிலும் தடுப்பான் இருக்க வேண்டும். இரட்டை வீடுகளில் போதிய இடைவெளி விடுவது எளிதன்று என்பதால் இரண்டாவதே நடைமுறைக்கு உகந்தது. ஊராட்சியோ வீட்டுவசதித் திட்டமோ மொத்தமாகச் செய்யத்தக்க வேலை இது.

யார் சரிபார்க்கிறார்கள்?

ஒன்டாரியோ மாநிலத்தில் வீட்டுக்காரர் தம் வீட்டு மின்வேலையைத் தாமே செய்யலாம். ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்து ஆய்வுக்கு உட்பட வேண்டும். இங்கிலாந்தில் 2005 முதல் புதுச் சுற்று சேர்ப்பதும் பெட்டி மாற்றுவதும் கட்டட விதிகளின் 'பகுதி பி' வரம்புக்குள் வருகின்றன. தமிழ்நாட்டிலும் மின் உரிமம் வழங்கும் வாரியம் கம்பியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தகுதிச் சான்று வழங்குகிறது. புதிய இணைப்புக்கு உரிமம் பெற்றவரின் சோதனை அறிக்கை தேவை. அறிக்கையில் கையொப்பமிடுபவரும் கம்பி இழுப்பவரும் ஒருவராக இல்லாமலிருப்பது அரிதன்று. மேலும், இணைப்புக் கிடைத்தபின் வீட்டுக்குள் செய்யப்படும் மாற்றங்களை யாரும் பார்ப்பதில்லை. மேல்மாடி எழுப்பும்போதும் இன்வெர்ட்டர் வைக்கும்போதும் நேரும் நியூட்ரல் கலப்புகள் இவ்விடைவெளியில்தான் பிறக்கின்றன.

'ட்ரிப்பர்' என்னும் சொல்

மின்கருவிகளுக்குத் தமிழில் கலைச்சொற்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் 'மின்னுருகு இழை' எனக் கூறுவதை இலங்கைப் பாடநூல் 'உருகி' என்கிறது. இங்கு 'நடுநிலைக் கம்பி' என்பது அங்கு 'நொதுமல் கம்பி' ஆகிறது. தமிழ்நாட்டு மின்வாரிய அறிவிப்புகள் 'மின்கசிவுத் தடுப்பான்' என்னும் நல்ல சொல்லை வழங்கியுள்ளன. ஆனால் கடைத்தெருவிலும் வீட்டிலும் வழங்குவது 'ட்ரிப்பர்'. சுற்று முறிப்பானும் ட்ரிப்பர், மின்கசிவுத் தடுப்பானும் ட்ரிப்பர். இலங்கைத் தமிழரிடம் 'ட்ரிப் சுவிட்ச்' என்றால் பொதுவாக மின்கசிவுத் தடுப்பானையே குறிக்கும். பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அச்சொல்லுக்கு அந்த வரையறை இல்லை.

இது சொல்லாய்வாளரின் நுண்மை விருப்பம் மட்டும் அன்று. 'வீட்டில் ட்ரிப்பர் போட்டிருக்கிறது' என்று சொல்லும் வீட்டுக்காரர் உண்மையே பேசுகிறார். அவர் வீட்டில் பன்னிரண்டு சுற்று முறிப்பான்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றுகூட அவர் குழந்தையின் கையைப் பற்றி அறியாது. புதிய விதியை விளக்கும் துண்டறிக்கை 'ட்ரிப்பர் பொருத்துக' என்று எழுதப்படின், படிப்பவர் தமக்கு அது பொருந்தாது என்று மடித்து வைத்துவிடுவார்.

இரண்டையும் பிரித்தறிய வீட்டுக்காரருக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. மின்கசிவுத் தடுப்பானின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும்; சுற்று முறிப்பானில் இராது. அப்பொத்தானை அழுத்தினால் கருவி உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பழுதாகியிருக்கலாம், அல்லது அதன் வழியே மின்சாரமே செல்லாதவாறு யாரோ நேர்க்கம்பி கொடுத்திருக்கலாம். இருநிலையிலும் மின்பணியாளரை அழைக்க வேண்டும். விழுந்தாலும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அப்பொத்தான் கருவியைச் சோதிக்கிறதேயன்றி நில இணைப்புக் குழியைச் சோதிப்பதில்லை. குழியின் தடையை அளக்கத் தனி அளவி உண்டு. அதனைக் கோடையின் முடிவில், மண் மிகவும் வறண்டிருக்கும்போது அளப்பதே பொருத்தம்.